அம்மாவோடு பார்த்த லயத்து நூதனசாலை

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் அம்மா கண்டிக்கு வந்து என்னோடு பத்து நாள் தங்கியிருந்தார். 38 ஆண்டுகள் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பிறந்த அதே லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், தொங்கல் காம்பராவில் (கடைசி அறையில்) இன்றும் இருப்பவர். வெளியூர் போவதென்றால் அவருக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும். ஆகவே, இந்த முறை பழைய காலத்துச் சாமான்களை வைத்திருக்கும் இடங்களைப் பார்த்துவரலாம் என்று நான் சொன்னபோது அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "பழைய சாமான பாக்க டிக்கட் வாங்கணுமா புள்ள? நம்ம கட்டிலுக்கு அடியிலயே கெடக்கே" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனாலும் இத்தகைய இடங்கள் மீது எனக்கு நெடுநாளாக ஓர் ஈடுபாடு உண்டு. சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் 1891இல் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் தொடங்கிய ஸ்கன்சன் என்னும் திறந்தவெளி நூதனசாலையைப் பற்றி முன்பு படித்திருக்கிறேன். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து ஒரே குன்றின் மீது மீண்டும் எழுப்பி, அவற்றுக்குள் பழைய உடையணிந்தவர்களை இருத்தி, அந்தக் காலத்து வேலைகளைச் செய்துகாட்ட வைத்தார்கள். வாழும் வரலாறு என்று இன்று சொல்லப்படும் முறைக்கு அதுவே முன்னோடிகளுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் கூடலூரிலுள்ள மாமாவைப் பார்க்கப் போனபோது, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவையும் பார்த்தேன். செட்டிநாட்டு வீடும் குயவர் வீடும் நெசவாளர் வீடும் அங்கே வரிசையாக இருந்தன. எங்கள் பாட்டன்மார் எந்த மண்ணிலிருந்து கப்பலேறினார்களோ அந்த மண்ணின் வீடுகளைப் பார்த்து மகிழ்ந்தேன் என்றாலும், அவர்கள் வந்து சேர்ந்த வீட்டை எங்கே பார்ப்பது என்ற கேள்வி அன்றே மனதில் விழுந்துவிட்டது.

முதல் நாள் ஹந்தானைக்குப் போனோம். கண்டி நகருக்கு மேலே உள்ள தேயிலை நூதனசாலை, 1925இல் கட்டப்பட்டுப் பின்னர் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ஒரு தொழிற்சாலையைப் புதுப்பித்து 2001இல் திறக்கப்பட்டது. நான்கு மாடிக் கட்டடத்தில் பழைய என்ஜின்களும் கொழுந்து உருட்டும் இயந்திரங்களும் துப்புரவாகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. எனக்குப் புதிதாக எதுவுமில்லை. அம்மாவுக்கோ எல்லாமே புதிது. 38 ஆண்டுகளில் அவர் சுமந்து கொடுத்த கொழுந்தெல்லாம் கொழுந்து மடுவம் என்னும் கொட்டகையில் நிறுக்கப்பட்டு அங்கிருந்தே பிரிந்துபோயிற்று. இஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலைக்குள் அவர் கால் வைத்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். இஸ்டோரை ஏன் இத்தனை மாடியும் இத்தனை ஜன்னலும் வைத்துக் கட்டினார்கள் என்று கேட்டார். கொழுந்தை மேல்மாடிகளில் பரப்பிக் காற்றில் வாட்டுவதற்காக என்று சொன்னேன். வாட்டிய கொழுந்து கீழே இறங்கி, உருட்டப்பட்டு, பரப்பி வைத்த இடத்தில் நிறம் மாறி, சூட்டில் காய்ந்து, சல்லடையில் தரம் பிரிவதை ஒவ்வோர் இயந்திரமாகக் காட்டிக்கொண்டு வந்தேன். கொழுந்தின் மறுபாதிக் கதையை அவர் தமது 68ஆவது வயதில்தான் கேட்டார். உச்சி மாடியில் அருந்திய தேநீர் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்தில் கிடைக்கும் டஸ்ட் தூளில் கறுக்கக் கறுக்கச் சாயம் ஊற்றிக் குடித்துப் பழகிய நாக்குக்கு, ஏற்றுமதித் தரத் தேயிலை வெந்நீராகவே பட்டது.

மறுநாள் வண்டி பிடித்து லூல்கந்துரவுக்குப் போனோம். கலஹா, தெல்தோட்டைப் பக்கமாக ஏறும் அந்தப் பாதை ஒடுங்கியது. மழை பெய்தால் அட்டைக்கடி நிச்சயம். ஸ்கொட்லாந்தில் 1835இல் பிறந்து 1852இல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது இங்கேதான். ஏழாம் நம்பர் மலை என்று அந்த இடத்தைக் காட்டுகிறார்கள். அவர் குடியிருந்த மரக்குடிலில் புகைபோக்கியும் கணப்படுப்பும்தான் மிஞ்சியிருக்கின்றன. அவர் அமர்ந்து தோட்டத்தைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் கல்லாசனம் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மலைகள் அடுக்கடுக்காக விரிகின்றன. டெய்லர் தேயிலை நட்டபோது இந்த மலைகளில் பெரும்பாலும் கோப்பிதான் நின்றது. கோப்பி இலையில் துருநோய் முதன்முதலாகக் காணப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869இல். அந்த நோய் கோப்பித் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று தீர்த்ததால்தான் ஒரு மனிதரின் சோதனைப் பயிர் நாடு முழுவதும் பரவியது.

டெய்லர் 1892இல் அதே தோட்டத்தில் இறந்தார். கண்டி மஹியாவையில் அவருடைய கல்லறை இருக்கிறது. உடல் கனத்த அந்த மனிதரை, பன்னிரண்டு பேராக இரண்டு குழுக்கள் மாறி மாறித் தோள்கொடுத்துக் கண்டிவரை நடந்தே சுமந்து சென்றதாகவும், பின்னால் வந்த கங்காணிமாரும் தொழிலாளரும் "சாமித்துரை" என்று சொல்லி அழுததாகவும் எழுதியிருக்கிறார்கள். இதை நான் சொன்னதும் அம்மா உடனே கேட்டார்: "தூக்கிட்டுப் போன இருபத்தி நாலு பேரும் எந்த லயத்து ஆளுங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இதே ஹேவாஹெட்ட வட்டாரத்தில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. 16 சதம் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10ஆம் திகதி, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் சூட்டில் இறந்தார். டெய்லரின் இடத்துக்குப் போகும் வழியைக் காட்டும் பலகைகள் எங்கள் கண்ணில் பட்டன. கோவிந்தனின் பெயரைத் தாங்கிய பலகை எதுவும் நாங்கள் போன பாதையில் படவில்லை.

மூன்றாம் நாள் பயணத்தைத்தான் நான் விரிவாக எழுத நினைத்தேன். கம்பளைக்குப் போகும் வழியில் கடலாதெனிய, லங்காதிலக்க, எம்பெக்க ஆகிய மூன்று தலங்களையும் பார்த்தோம். முதல் இரண்டும் 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கம்பளை தலைநகராக இருந்த காலம் அது. கடலாதெனிய விகாரையைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியர் என்பதும், லங்காதிலக்கவில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு என்பதும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஐயமாக இருக்கிறது. எம்பெக்க தேவாலயத்து மண்டபத்தில், மரத்தூண்களில் செதுக்கிய அன்னத்தையும் மல்யுத்த வீரர்களையும் விட, பிள்ளைக்குப் பாலூட்டும் தாயின் உருவத்தின் முன்னால்தான் அம்மா அதிக நேரம் நின்றார். அந்த ஊரில் இன்றும் மரம் செதுக்குபவர்கள் இருக்கிறார்கள். தெருவோரப் பட்டறைகளில் அவர்கள் செய்வது வேடிக்கை காட்டுவதற்கான வேலையன்று, அவர்களது பிழைப்பு.

கம்பளைக்கு அருகிலுள்ள சின்னப்பிட்டியவில்தான் ஜோர்ஜ் பேர்ட் முதலாவது பெரிய கோப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கு தென்னிந்தியாவிலிருந்து வேலைக்கு ஆள் வந்த 1823ஐத் தொடக்கமாகக் கொண்டே, மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை 2023இல் மலையகம் 200 என்று எல்லாரும் நினைவுகூர்ந்தோம். ஆகவே, தோட்டத் தொழிலாளரின் நூதனசாலை கம்பளைப் பக்கத்தில் அமைந்தது பொருத்தமே. பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்றையே நூதனசாலையாக்கி, கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அதைத் திறந்தது. ஹந்தானையில் இருப்பது போன்ற பெருங்கட்டடம் இல்லை, தேநீர்ச்சாலை இல்லை, பேருந்துகளின் வரிசையும் இல்லை. தகரக் கூரை, தாழ்ந்த வாசல்நிலை, முன்னால் இஸ்தோப்பு என்னும் தாழ்வாரம். வாசலில் குனிந்து நுழைந்தபோது அம்மா தம்மையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டார்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று புத்தகங்களில் எழுதப்படும் அளவை அங்கே உடம்பால் உணரலாம். நான்கு பேர் உள்ளே நின்றால் ஐந்தாமவர் இஸ்தோப்பில் நிற்க வேண்டியதுதான். அம்மா பிறந்த காம்பராவில் அவருடைய பெற்றோர், ஐந்து பிள்ளைகள், அப்பாயி, மணமாகாத சித்தப்பா என்று ஒன்பது பேர் இருந்தார்கள். எப்படிப் படுத்தார்கள் என்று சிறு வயதில் நான் கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பியவர், இந்த வெற்று அறையில் நின்றுகொண்டு, கையை நீட்டி நீட்டி இடம் பிரித்துக் காட்டினார். குமரிப் பிள்ளைகள் அடுப்புக்குப் பக்கத்தில். அப்பாயியும் சின்னப் பிள்ளைகளும் நடுவில். ஆண்கள் இஸ்தோப்பில், சாக்குப்படுதாவைத் தொங்கவிட்டு. மழைக்காலத்தில் இஸ்தோப்பு நனைந்துவிட்டால் எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தபடியே தூங்குவது. பெண் வயதுக்கு வந்தால் குச்சில் கட்டுவதற்கும், பிள்ளை பெறுவதற்கும், இழவு விழுந்தால் உடலைக் கிடத்துவதற்கும் இதே இடம்தான்.

உள்ளே மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு, செடி கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, சமையல் பாத்திரங்கள், நகைகள், தப்பு என்னும் பறை, பழைய படங்கள், ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றன. அம்மா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஏதாவது திருத்தம் சொல்லிக்கொண்டே வந்தார். கூடைக் கயிற்றைச் சும்மா நெற்றியில் மாட்டினால் மண்டை இரண்டாகிவிடும். தலைத்துண்டை மடித்து அதன்மேல்தான் கயிறு உட்கார வேண்டும். மழைக்குத் தலையில் போர்த்தும் கொங்காணி நனைந்தால் கொழுந்தைவிடக் கனக்கும். படங்கு என்னும் முரட்டுத் துணியை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றாமல் மலைக்குள் இறங்கினால் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சி சேலையையும் தோலையும் சேர்த்துக் கிழித்துவிடும். மட்டக்கம்பைப் பார்த்ததும் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. பறிக்கும் செடியின் மேல்மட்டம் சீராக இருப்பதற்காக அந்தக் கம்பைச் செடிமேல் கிடத்தி, அதற்கு மேலே எழும்பிய கொழுந்தை மட்டுமே எடுக்க வேண்டும். மட்டம் பிசகினால் கங்காணியின் வாயிலிருந்து வரும் வசவை இங்கே எழுத முடியாது. தப்பைப் பார்த்து, "இது செத்துக் கெடக்கு, நெருப்புல காட்டினாத்தான் பேசும்" என்றார். விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எழுப்புவதும் தப்புத்தான், சாவைச் சொல்வதும் தப்புத்தான். அடியைக் கேட்டே எது என்று லயம் முழுவதும் அறிந்துகொள்ளும்.

அதற்குள் வேறு சிலரும் எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம் சிங்களத் தம்பதியரும் வெளிநாட்டுப் பெண் ஒருவரும் என் மூலமாக அம்மாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அரைப்பேர் என்றால் என்ன என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால், நாள் முழுவதும் மலையில் நின்றிருந்தாலும் பாதிச் சம்பளத்துக்குத்தான் பேர் விழும் என்பதை இரண்டு மொழிகளில் சொல்லி முடித்தபோது, அந்தச் சிங்களப் பெண் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆவணங்களைப் பற்றி மட்டும் நான்தான் சொன்னேன், அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், கடன் தொகை எழுதிய துண்டு கையில் இருக்க வேண்டும். கடனை அடைக்கும் வேறு கங்காணி கிடைக்காவிட்டால் அசைய முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களுக்குத் தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். டின் டிக்கட் என்று அதற்குப் பெயர். எங்கள் மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று நான் தொடர்ந்தபோது அம்மா இடைமறித்தார். அது அவருக்குத் தெரிந்த கதை. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று இரண்டு பிரதமர்கள் போட்ட கணக்கில், மாமா அந்தப் பக்கமும் அம்மா இந்தப் பக்கமும் விழுந்தார்கள். மாமா கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் வரிசை வீடுதான். "இதுக்கு எதுக்குக் கடல் தாண்டினான்?" என்று அம்மா அடிக்கடி கேட்பார், அன்றும் கேட்டார்.

இந்த நூதனசாலைக்குப் போக விரும்புவோர் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போவது நல்லது. முடிந்தால் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் தனியாகப் போயிருந்தால் அரை மணித்தியாலத்தில் பார்த்து முடித்து, படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். அம்மாவோடு போனதால் மூன்று மணித்தியாலம் ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காட்சிக்கு வைத்த லயத்துக்கும் ஆள் குடியிருக்கும் லயத்துக்கும் உள்ள வேறுபாடு உல்லாசப் பயணிகள் பலருக்குத் தெரிவதில்லை. தெரியாததில் வியப்பும் இல்லை, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானே. ஸ்கன்சனில் மாலையானதும் பழைய உடையைக் களைந்துவிட்டு நடிகர் தம் வீட்டுக்குப் போய்விடலாம். எங்கள் லயத்தில் யாரும் நடிக்கவில்லை. எங்கள் தோட்டத்து வீதியில் வேன்கள் நிற்பதும், தண்ணீர்ப் பீலியில் குளித்துக்கொண்டிருக்கும் பெண்களை நோக்கிக் கேமரா உயர்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது. துரைமாரின் பங்களாக்கள் விடுதிகளாகிவிட்டன. கந்தப்பொளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாகி, அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். அவற்றை நான் குறை கூறவில்லை; பழைய கட்டடம் இடிந்து விழுவதைவிட அது நல்லது. வாடகைக்குச் சேலையும் கூடையும் வாங்கி மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் கொழுந்து பறிப்பதுபோல் நின்று படமெடுப்பதைக்கூட அம்மா கோபத்தோடு பார்ப்பதில்லை. கூடையைத் தவறாக மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை. ஆனால், லயத்து வாசலுக்கு வருபவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் சாயத்தண்ணி கிடைக்கும், கதையும் கிடைக்கும். கேட்காமல் எட்டிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஓர் இருண்ட அறையின் படம் மட்டுமே.

நடித்துக் காட்டும் வரலாறு எங்களிடம் இல்லாமலில்லை. மாசி மாதத்தில் தோட்டத்துக்கு வாருங்கள். காமன் கம்பம் நட்டது முதல் ஒவ்வோர் இரவும் தப்பு முழங்கும். இரதியும் மன்மதனும் ஆடுவார்கள். இரதியாக வருபவரும் ஆண்தான், பகலில் மலையில் முள்ளுக் குத்தியவர்தான். தூதனும் வீரபத்திரனும் எமனும் ஒருவர்பின் ஒருவராகக் களத்துக்கு வருவார்கள். சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரியும் கடைசி இரவில் தோட்டத்தில் ஒருவரும் உறங்கமாட்டார்கள். கப்பலேறி வந்தவர்கள் மூட்டையில் சுமக்காமல் நாவிலும் காலிலும் சுமந்துவந்த கூத்து அது. நுழைவுச்சீட்டும் விளக்கப் பலகையும் இல்லாமல் இத்தனை தலைமுறை நின்றிருக்கிறது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் வந்த வழியே நடந்தவர்களோடு, ஆகஸ்ட் 12ஆம் திகதி, கடைசி நாளில் மட்டும் நானும் மாத்தளையில் சேர்ந்துகொண்டேன். பாதை ஓரத்தில் செத்து விழுந்தவர்களின் கணக்கைப் பாட்டிமார் சொல்லக் கேட்டதற்கும், நானே வெயிலில் சில மைல் நடந்து பார்த்ததற்கும் இருந்த தூரம் அன்றுதான் விளங்கியது.

விடுமுறை முடிந்து அம்மாவைத் தலவாக்கலையில் கொண்டுபோய் விட்டேன். கட்டிலுக்கு அடியில் கிடப்பதாக அவர் சொன்ன பழைய சாமான்களை வெளியே எடுத்துப் பார்த்தோம்: தாத்தாவின் டிரங்குப் பெட்டி, அதற்குள் மடிப்பில் கிழிந்த சில கடுதாசிகள், காது அறுந்த ஒரு கொங்காணி. மட்டக்கம்பு மட்டும் அகப்படவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால், அது தோட்டத்துண்டில் போஞ்சிக் கொடிக்கு ஊன்றுகோலாக நின்றது. கை பட்டுப் பட்டு வழுவழுத்திருந்த இடத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்த நூதனசாலைக்கு இதைக் கொடுத்துவிடலாமே, உங்கள் பேரையும் எழுதி வைப்பார்கள் என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"குடுக்கலாம் புள்ள. போஞ்சி காய்ச்சு முடியட்டும்."